சவ்வூடு பரவல் அழுத்தமும் தொகைசார் பண்புகளும்: கணக்கிடும் முறை

தொகைசார் பண்புகள் என்ற பாடத்தில் நான்கு பண்புகளும் அவற்றுக்குரிய நான்கு சூத்திரங்களும் வருகின்றன. ஆவி அழுத்தம் குறைதல், கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு, சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகிய இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் மாணவர், கணக்கைக் கண்டதும் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தேடத் தொடங்கிவிடுகிறார். தேட வேண்டியது சூத்திரத்தை அன்று. கொடுக்கப்பட்ட கரைசலில் கரைபொருளின் துகள்கள் எத்தனை உள்ளன என்ற ஒரே கேள்விக்குத்தான் நான்கு பண்புகளும் விடை சொல்கின்றன; அந்தத் துகள் சர்க்கரையா, யூரியாவா, சோடியம் அயனியா என்பதை அவை பொருட்படுத்துவதில்லை. இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையை எப்படிச் செய்வது, அதிலிருந்து ஒரு பொருளின் மோலார் நிறையை, அதாவது ஒரு மோல் பொருளின் நிறையை, எப்படி அடைவது, எந்தச் சூழ்நிலையில் எந்தப் பண்பை நம்புவது என்பனவற்றை எடுத்துக்காட்டுக் கணக்குகளுடன் விளக்குகிறது.

நான்கு பண்புகளுக்கும் வேர் ஒன்றுதான். எளிதில் ஆவியாகாத ஒரு பொருளைக் கரைப்பானில் கரைத்தால், கரைப்பான் மூலக்கூறுகள் அந்தத் திரவத்தை விட்டு வெளியேறும் போக்கு குறைகிறது. ஆவியாக வெளியேறும் போக்கு குறைவதால் ஆவி அழுத்தம் தாழ்கிறது. குறைந்த ஆவி அழுத்தத்தை மீண்டும் வளிமண்டல அழுத்தத்திற்கு உயர்த்த அதிகமாகச் சூடாக்க வேண்டியிருப்பதால் கொதிநிலை ஏறுகிறது. திண்மமாக உறைந்து பிரியும் போக்கும் குறைவதால் மேலும் குளிர வைத்தால்தான் உறைகிறது. கரைப்பானை மட்டும் புகவிடும் சவ்வு ஒன்று இடையில் இருந்தால், வெளியேறும் போக்கு மிகுந்த தூய கரைப்பான், அது குறைந்த கரைசலின் பக்கம் நகர்கிறது. இந்த ஒரு பத்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், ‘ஏற்றமா, தாழ்வா’ என்ற குழப்பம் எந்தக் கணக்கிலும் எழாது.

முதலில் ஓர் அழுத்தத்தைக் கணக்கிடுவோம்

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1877-இல் வெளியிட்ட அளவீடுகளை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இத்துறையின் கணக்கு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்கியது. நுண்துளைகள் உள்ள சுட்ட களிமண் கிண்ணத்தின் சுவருக்குள், ஒரு பக்கமிருந்து தாமிர சல்பேட்டுக் கரைசலும் மறுபக்கமிருந்து பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலும் ஊறிச் சந்திக்குமாறு அவர் செய்தார். அவை சந்தித்த இடத்தில் தாமிர பெர்ரோசயனைடு என்ற மெல்லிய படலம் உருவாயிற்று. அது நீரைப் புகவிடும், சர்க்கரையைத் தடுக்கும். களிமண் சுவர் அந்தப் படலத்தைத் தாங்கி நின்றதால், அது பல வளிமண்டல அழுத்தத்திலும் கிழியவில்லை. கிண்ணத்திற்குள் சர்க்கரைக் கரைசலையும் வெளியே நீரையும் வைத்து, உள்ளே எழும் அழுத்தத்தைப் பாதரச மானியால் அளந்தார். 1 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலுக்கு 6.8 டிகிரி செல்சியஸில் அவருக்குக் கிடைத்த அளவு 0.664 வளிமண்டல அழுத்தம்.

இந்த எண்களின் உட்பொருளைக் கண்டவர் டச்சு வேதியியலாளர் வாண்ட் ஹாஃப். நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதே எண்ணிக்கையிலான துகள்கள் அதே கன அளவில் வாயுவாக இருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ அவ்வளவே என்று அவர் காட்டினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, இந்தக் கண்டுபிடிப்பும் பரிசுக்கான காரணமாகக் குறிப்பிடப்பட்டது. அவருடைய சமன்பாடு இது:

சவ்வூடு பரவல் அழுத்தம் = துகள் செறிவு × வாயு மாறிலி × தனி வெப்பநிலை

செறிவு என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்களின் எண்ணிக்கை. வெப்பநிலையைக் கெல்வினில் இட வேண்டும். வாயு மாறிலியின் மதிப்பை, விடை எந்த அலகில் வேண்டும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வளிமண்டல அழுத்தத்தில் வேண்டுமானால் 0.08206, பார் அலகில் வேண்டுமானால் 0.08314, கன மீட்டருக்கு மோல் என்று செறிவை எழுதிப் பாஸ்கலில் விடை காண வேண்டுமானால் 8.314. தேர்வுகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேதியியல் தெரியாததால் அன்று.

ஃபெஃபரின் கரைசலை இதில் பொருத்திப் பார்க்கலாம். 10 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 1.006 லிட்டர் கரைசலில் இருந்தது. சுக்ரோஸின் மோலார் நிறை 342.3 கிராம்; எனவே 10 கிராம் என்பது 0.0292 மோல், செறிவு லிட்டருக்கு 0.02904 மோல். வெப்பநிலை 279.95 கெல்வின். மூன்றையும் பெருக்கினால் 0.667 வளிமண்டல அழுத்தம் வருகிறது. அளந்தது 0.664. ஒரு களிமண் கிண்ணத்திலிருந்து கிடைத்த அளவு இவ்வளவு நெருங்கி வருவது வியப்புக்குரியது.

இதே கணக்கைப் பின்னோக்கி நடத்துவதே மோலார் நிறை காணும் முறை. சர்க்கரையின் மோலார் நிறை நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சமன்பாட்டை இவ்வாறு மாற்றி எழுத வேண்டும்:

மோலார் நிறை = (கரைபொருளின் நிறை × வாயு மாறிலி × தனி வெப்பநிலை) ÷ (அழுத்தம் × கரைசலின் கன அளவு)

10 × 0.08206 × 279.95 என்பது 229.7, 0.664 × 1.006 என்பது 0.668. வகுத்தால் 344 கிராம். உண்மை மதிப்பிலிருந்து அரை விழுக்காட்டு வேறுபாடுதான்.

விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்கு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 1 மோல் துகள்கள் தரும் அழுத்தம் 24.5 வளிமண்டலம். லிட்டருக்கு 0.1 மோல் குளுக்கோஸுக்கு உங்கள் விடை 2.4-க்கு அருகில் வராமல் 245 என்றோ 0.2 என்றோ வந்தால், அலகு எங்கோ பிசகிவிட்டது.

அழுத்தம் எங்கே இருக்கிறது?

கணக்கில் மேலும் செல்வதற்கு முன் ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். மூடிய குப்பியில் மேசைமேல் இருக்கும் சர்க்கரைக் கரைசலுக்குள் ஏதோ ஓர் அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கரைசலும் தூய கரைப்பானும் ஒருகூறு புகவிடும் சவ்வின் இரு பக்கங்களிலும் இருக்கும்போது, கரைப்பான் உள்ளே வருவதைச் சரியாக நிறுத்துவதற்குக் கரைசலின் மேல் நாம் கூடுதலாகச் செலுத்த வேண்டிய அழுத்தம் எதுவோ, அதுவே சவ்வூடு பரவல் அழுத்தம். சவ்வும் மறுபக்கக் கரைப்பானும் இல்லாதபோது அது ஒரு கணக்கு மதிப்பு மட்டுமே.

இந்த வரையறை ஆய்வு முறையையும் தீர்மானிக்கிறது. நீர் உள்ளே புகுந்து குழாயில் மட்டம் ஏறி, அது நிற்கும் வரை காத்திருந்து உயரத்தை அளக்கும் முறையில், உள்ளே வந்த நீர் கரைசலை நீர்த்துவிடுகிறது. நாம் அளப்பது தொடக்கக் கரைசலின் அழுத்தத்தை அன்று, நீர்த்துப்போன கரைசலின் அழுத்தத்தை. மேலும், சமநிலை அடைய நெடுநேரம் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்க்லி, ஹார்ட்லி ஆகிய இருவரும் இதைத் தலைகீழாக்கினார்கள்: வெளியிலிருந்து அழுத்தத்தைச் செலுத்தி, நீர் எந்தப் பக்கமும் நகராத நிலையைக் கண்டு அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டார்கள். கரைசல் நீர்க்காது, நேரமும் மிச்சம். பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த வேறுபாடு, அளவீட்டின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையானது.

ஒரே கரைசலை நான்கு வழிகளில் அளந்தால்

எந்தப் பண்பைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை காண, அதே 1 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலின் மற்ற மூன்று பண்புகளையும் கணக்கிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே செறிவின் அளவை மாறுகிறது. கொதிநிலை, உறைநிலைக் கணக்குகளில் ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு எத்தனை மோல் என்ற மோலாலிட்டியைப் பயன்படுத்துகிறோம். ஆவி அழுத்தத்திற்கு மோல் பின்னம், அதாவது கரைசலின் மொத்த மோல்களில் கரைபொருளின் பங்கு. கன அளவு வெப்பநிலையோடு விரிந்து சுருங்கும், நிறை அப்படி மாறாது. வெப்பநிலையே மாறுகின்ற பண்புகளுக்கு மோலாலிட்டி பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

1 கிலோகிராம் நீரில் 10 கிராம் சர்க்கரை என்றால் மோலாலிட்டி 0.0292. நீரின் மோலால் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86, எனவே உறைநிலை 0.054 டிகிரி தாழும். மோலால் கொதிநிலை ஏற்ற மாறிலி 0.512, எனவே கொதிநிலை 0.015 டிகிரி ஏறும். 1 கிலோகிராம் நீரில் 55.5 மோல் நீர் இருப்பதால் சர்க்கரையின் மோல் பின்னம் 0.000526, 25 டிகிரியில் தூய நீரின் ஆவி அழுத்தம் 23.76 மில்லிமீட்டர் பாதரசம் என்பதால், அது குறையும் அளவு 0.0125 மில்லிமீட்டர். சவ்வூடு பரவல் அழுத்தமோ 0.664 வளிமண்டலம், அதாவது 505 மில்லிமீட்டர் பாதரசம். அது ஏறத்தாழ 6.9 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும்.

ஒரு பக்கம் தலைமுடி அளவுக்குக்கூட வராத பாதரச மட்ட வேறுபாடு. மறுபக்கம் இரண்டு மாடி உயர நீர். இரண்டும் ஒரே எண்ணிக்கையைத்தான் சொல்கின்றன. மோலார் நிறை காண்பதற்கு ஆவி அழுத்தக் குறைவை ஆய்வகங்களில் அரிதாகவே நேரடியாக அளக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கொதிநிலை மாறிலி ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்பது நல்ல கேள்வி. இந்த மாறிலிகளை அட்டவணையில் பார்த்து நம்ப வேண்டியதில்லை. கரைப்பானின் சொந்தப் பண்புகளிலிருந்து நாமே வருவிக்கலாம்:

மாறிலி = (வாயு மாறிலி × நிலைமாற்ற வெப்பநிலையின் இருபடி × கரைப்பானின் மோலார் நிறை) ÷ (1000 × மோலார் நிலைமாற்ற வெப்பம்)

நீர் 273.15 கெல்வினில் உறைகிறது; அதன் உருகல் வெப்பம் மோலுக்கு 6,010 ஜூல். 8.314 × 273.15 × 273.15 × 18.015 ÷ 6,010,000 என்று கணக்கிட்டால் 1.86 வருகிறது. கொதிநிலைக்கு 373.15 கெல்வினையும், ஆவியாதல் வெப்பமான 40,660 ஜூலையும் இட்டால் 0.513. நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம், பனிக்கட்டியை உருக்கத் தேவையானதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு என்பதே கொதிநிலை ஏற்றம் சிறியதாக இருப்பதற்கு முதன்மைக் காரணம்.

உருகல் வெப்பம் குறைவாகவும் மோலார் நிறை மிகுதியாகவும் உள்ள கரைப்பானைத் தேர்ந்தால் உறைநிலைத் தாழ்வு பெரிதாகும் என்பதும் இதே சமன்பாட்டிலிருந்து தெரிகிறது. பென்சீனின் மாறிலி 5.12. சைக்ளோஹெக்சேனுக்கு ஏறத்தாழ 20. கற்பூரத்திற்கு ஏறத்தாழ 38. 10 மில்லிகிராம் நாப்தலீனை 100 மில்லிகிராம் கற்பூரத்தோடு உருக்கிக் கலந்தால், உருகுநிலை 29 டிகிரி அளவுக்குத் தாழ்கிறது. சாதாரண வெப்பமானியே போதும். 1922-இல் ராஸ்ட் வகுத்த இம்முறையில் சிட்டிகைப் பொருளைக் கொண்டே மோலார் நிறை காண முடிந்தது. ஆனால் கரைபொருள் கற்பூரத்தில் கரைய வேண்டும், 180 டிகிரி வெப்பத்தில் சிதையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் பல கரிமப் பொருள்கள் நிறைவு செய்வதில்லை.

உறைநிலையை அளக்கும்போது

உறைநிலைத் தாழ்வு ஆய்வைச் செய்பவர், வெப்பமானி காட்டும் மிகத் தாழ்ந்த எண்ணை உறைநிலை என்று எழுதிவிடக் கூடாது. திரவம் பெரும்பாலும் தன் உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி வரை உறையாமலே குளிர்ந்து சென்று, முதல் படிகம் தோன்றியதும் வெப்பத்தை வெளியிட்டுச் சட்டென மேலே ஏறும். இந்த மீக்குளிர்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால் தாழ்வு மிகையாகவும், அதனால் மோலார் நிறை குறைவாகவும் வரும்.

சீரான கால இடைவெளியில் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரைய வேண்டும். தூய கரைப்பான் உறையும்போது கோடு கிடையாக நிற்கும். கரைசல் உறையும்போது அது கிடையாக நிற்காமல் மெல்லச் சரியும், ஏனெனில் தூய கரைப்பான் திண்மமாகப் பிரியப் பிரிய எஞ்சிய கரைசலின் செறிவு கூடிக்கொண்டே போகிறது. ஆகவே அந்தச் சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, குளிரும் கோட்டை அது வெட்டும் புள்ளியையே கரைசலின் உறைநிலையாகக் கொள்ள வேண்டும். ஆய்வு முழுவதும் ஒரே சீராகக் கலக்கிக்கொண்டிருப்பதும், சுற்றியுள்ள குளிர்கலவை உறைநிலையை விட மிகவும் தாழ்ந்திராமல் பார்த்துக்கொள்வதும் மீக்குளிர்வைக் கட்டுக்குள் வைக்கும். நீர்க்கரைசல்களுக்கு 0.01 டிகிரிப் பிரிவுகள் கொண்ட பெக்மன் வெப்பமானி தேவைப்படும். அது உண்மை வெப்பநிலையைக் காட்டாது, வேறுபாட்டை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டியதும் வேறுபாடுதான். இங்கே கெல்வினுக்கு மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை: 0.054 டிகிரி செல்சியஸ் வேறுபாடு என்பது 0.054 கெல்வின் வேறுபாடே.

எண்ணிக்கை எங்கே பிசகுகிறது

சர்க்கரை, யூரியா, குளுக்கோஸ் போன்றவை நீரில் கரைந்தால் ஒரு மூலக்கூறு ஒரு துகளாகவே இருக்கும். உப்பு அப்படி அன்று. கூட்டத்தில் ஆட்களைக் குடும்ப அட்டையைக் கொண்டு எண்ணாமல் தலையைக் கொண்டு எண்ணுவது போல, இங்கே கரைத்த மோல்களை எண்ணாமல் கரைந்தபின் தனித்து அலையும் துகள்களை எண்ண வேண்டும். சோடியம் குளோரைடு இரண்டு, கால்சியம் குளோரைடு மூன்று, அலுமினியம் குளோரைடு நான்கு, பொட்டாசியம் பெர்ரோசயனைடு ஐந்து. இந்தப் பெருக்கு எண்ணே வாண்ட் ஹாஃப் காரணி. நான்கு சமன்பாடுகளிலும் செறிவை இதனால் பெருக்கிவிட்டால் போதும். ‘கீழ்க்கண்ட சம செறிவுக் கரைசல்களில் எதன் உறைநிலை மிகத் தாழ்ந்தது’ என்ற வகைக் கேள்விகளுக்கு வேறு கணக்கே தேவைப்படாது.

மருத்துவமனையில் சொட்டு மருந்தாக ஏற்றும் இரண்டு திரவங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஒன்றில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மற்றொன்றில் லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற குளுக்கோஸ். நிறையில் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஆனால் உப்பின் 9 கிராம் என்பது 0.154 மோல், இரண்டால் பெருக்கினால் 0.308 மோல் துகள். குளுக்கோஸின் 50 கிராம் என்பது 0.278 மோல் துகள். 37 டிகிரியில் முதலாவதன் அழுத்தம் 7.8 வளிமண்டலம், இரண்டாவதன் அழுத்தம் 7.1 வளிமண்டலம். இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களின் உட்புறத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போவதால், அணுக்கள் நீரை உறிஞ்சி வெடிப்பதும் இல்லை, நீரை இழந்து சுருங்குவதும் இல்லை. தூய நீரை நேராக நாளத்தில் ஏற்றினால் அவை வெடித்துவிடும்.

கூர்ந்து பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழும். இரத்தத் திரவத்தில் கிலோகிராம் நீருக்கு 0.29 மோல் அளவுக்கே துகள்கள் உள்ளன, 0.308 என்பது சற்று மிகுதியன்றோ? இங்கேதான் காரணியை முழு எண்ணாகக் கொள்வதன் வரம்பு வெளிப்படுகிறது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், அவை முற்றிலும் தனித்த துகள்களாக நடந்துகொள்வதில்லை. சோடியம் குளோரைடின் காரணி 0.01 மோலால் கரைசலில் 1.94, 0.1 மோலால் கரைசலில் 1.87. உடலுக்குள் ஏற்றும் செறிவில் 1.86 என்று கொண்டால் 0.154 × 1.86 = 0.286, இரத்தத்தோடு பொருந்திவிடுகிறது. இரட்டை மின்சுமை அயனிகளில் விலகல் இன்னும் பெரியது: மக்னீசியம் சல்பேட்டின் காரணி இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில், 0.01 மோலால் கரைசலில் 1.53 ஆகவும் 0.1 மோலால் கரைசலில் 1.21 ஆகவும் இருக்கிறது.

பாடநூல்கள் இதிலிருந்து ‘பிரிகை வீதம்’, அதாவது கரைந்த பொருளில் அயனிகளாகப் பிரிந்த பங்கு, காணச் சொல்கின்றன. காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒரு மூலக்கூறு தரும் அயனிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வரும் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த மின்பகுளிகளுக்கு இந்தக் கணக்கு பொருளுள்ளது. சோடியம் குளோரைடுக்கு 87 விழுக்காடு பிரிந்தது என்று விடை எழுதுவது தேர்வுக்குப் போதுமானாலும், நீரில் அது முழுமையாகவே அயனிகளாக இருக்கிறது. குறைவுக்குக் காரணம் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு என்பதை 1923-இல் டெபையும் ஹூக்கலும் விளக்கிவிட்டார்கள்.

எண்ணிக்கை குறைவதும் உண்டு. பென்சோயிக் அமிலம் பென்சீனில் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாக இணைந்துகொள்ளும். 100 கிராம் பென்சீனில் 1.22 கிராம், அதாவது 0.01 மோல் அமிலம் கரைந்துள்ளது என்க, மோலாலிட்டி 0.1, இணைதல் இல்லாவிட்டால் தாழ்வு 0.512 டிகிரி. அளந்தபோது 0.28 டிகிரி வந்ததாகக் கொண்டால் காரணி 0.28 ÷ 0.512 = 0.547. இரண்டு மூலக்கூறு இணைந்து ஒன்றாகும்போது காரணி என்பது ஒன்றிலிருந்து இணைதல் வீதத்தில் பாதியைக் கழித்தது, எனவே இணைதல் வீதம் 2 × (1 − 0.547) = 0.906. பத்தில் ஒன்பது பங்கு அமிலம் இணைந்துவிட்டது. இணைதலைக் கருதாமல் மோலார் நிறை கண்டிருந்தால் 122-க்குப் பதிலாக 223 வந்திருக்கும். தெரிந்த பொருளுக்கு ஏறத்தாழ இருமடங்கு நிறை வந்தால் இணைதலையும், பாதி வந்தால் பிரிகையையும் முதலில் ஐயுற வேண்டும்.

கரைபொருளும் எளிதில் ஆவியாகக்கூடியதாக இருந்தால், கொதிநிலை ஏற்றச் சூத்திரம் பொருந்தாது. நீரில் எத்தனால் கலந்தால் கொதிநிலை ஏறாமல் இறங்கும். உறைநிலைத் தாழ்வோ அப்போதும் செல்லும், ஏனெனில் உறைந்து பிரிவது நீர் மட்டுமே.

பெரிய மூலக்கூறுகள்

புரதங்களுக்கும், சிறு அலகுகள் பல கோத்து அமைந்த நீண்ட மூலக்கூறுகளான பலபடிகளுக்கும் வரும்போது சவ்வூடு பரவல் அழுத்தம் தவிர மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட வேண்டும். ஹீமோகுளோபினின் மோலார் நிறை ஏறத்தாழ 64,500. லிட்டருக்கு 10 கிராம் கரைத்தாலும் கிடைப்பது 0.000155 மோல்தான். உறைநிலைத் தாழ்வு 0.0003 டிகிரி, இதை அளப்பது எளிதன்று, நீரில் கலந்த சிறு உப்பு மாசே இதை விழுங்கிவிடும். ஆனால் 25 டிகிரியில் சவ்வூடு பரவல் அழுத்தம் 2.9 மில்லிமீட்டர் பாதரசம்; நீர்த்தம்பமாகக் கொண்டால் 3.9 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம். சவ்வு உப்பையும் சிறு மூலக்கூறுகளையும் புகவிட்டுப் புரதத்தை மட்டும் தடுப்பதாக அமைத்தால், உப்பு மாசு இரு பக்கமும் சமமாகப் பரவிக் கணக்கிலிருந்து விலகிக்கொள்ளும்.

ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் அளவைக் கொண்டு, ஓர் இரும்பு அணுவுக்கு ஏறத்தாழ 16,700 கிராம் புரதம் என்று முன்பே தெரிந்திருந்தது. மூலக்கூறு அதுதானா, அதன் மடங்கா என்பது தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் அடேர் 1925-இல் வெளியிட்ட சவ்வூடு பரவல் அழுத்த அளவீடுகள் 67,000 அளவிலான மதிப்பைத் தந்தன. ஆகவே ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன என்பது உறுதியாயிற்று. துகள்களை எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத ஓர் ஆய்வு, புரதத்தின் கட்டமைப்பைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டது.

இத்தகைய பொருள்களில் ஒரே ஒரு செறிவில் அளந்து சமன்பாட்டில் இடுவது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும். நீண்ட மூலக்கூறுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நெருக்குவதால், நீர்த்த கரைசலிலேயே அழுத்தம் நேர்விகிதத்தை மீறி ஏறும். பல செறிவுகளில் அளந்து, அழுத்தத்தைச் செறிவால் வகுத்து, அந்த ஈவைச் செறிவுக்கு எதிராக வரைந்து, கோட்டைச் செறிவு சுழியாகும் இடம் வரை நீட்ட வேண்டும். பயிற்சிக்காக எண்களை எடுத்துக்கொள்வோம்: 25 டிகிரியில் ஒரு பலபடியின் கரைசல் லிட்டருக்கு 2, 4, 6, 8 கிராம் செறிவுகளில் முறையே 55.6, 123.2, 202.8, 294.4 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. ஈவுகள் 27.8, 30.8, 33.8, 36.8. ஒவ்வொரு படியிலும் 3.0 கூடுவதால், செறிவு சுழியில் ஈவு 24.8. வாயு மாறிலியையும் 298.15 கெல்வினையும் பெருக்கி லிட்டர் கணக்குக்கு மாற்றினால் 24,79,000; இதை 24.8-ஆல் வகுத்தால் மோலார் நிறை ஏறத்தாழ 1,00,000. கடைசி அளவீட்டை மட்டும் நம்பியிருந்தால் 67,400 என்று வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு பிழை.

புரதத்துக்கு மின்சுமை இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் சுமையை ஈடுசெய்யும் சிற்றயனிகள் சவ்வின் வழியே செல்ல முடிந்தாலும், புரதத்தை விட்டு அகலாமல் ஒரு பக்கமே மிகுந்து நின்று அழுத்தத்தைக் கூட்டிவிடும். இது டொனான் விளைவு. புரதத்தின் நிகரச் சுமை சுழியாகும் அமிலத்தன்மையில் ஆய்வை நடத்துவதும், இரு பக்கமும் போதிய உப்பைச் சேர்ப்பதும் இதைத் தணிக்கும் வழிகள்.

அழுத்தத்தைத் திருப்பிச் செலுத்தினால்

கரைசலின் மேல் சவ்வூடு பரவல் அழுத்தத்தை விட அதிகமான அழுத்தத்தைச் செலுத்தினால் நீர் எதிர்த்திசையில் வெளியேறும். சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டது இம்முறையில்தான். தேவையான அழுத்தத்தை நாமே மதிப்பிடலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவை முழுவதையும் சோடியம் குளோரைடாகக் கருதினால் 0.6 மோல், காரணி 1.85 என்று கொண்டால் 1.11 மோல் துகள்கள். 25 டிகிரிக்கான குறுக்கு எண் 24.5-ஆல் பெருக்கினால் 27 வளிமண்டலம்.

ஆனால் 27-ஐச் சற்றே தாண்டிய அழுத்தத்தில் நிலையத்தை நடத்த முடியாது. 100 லிட்டர் கடல்நீரிலிருந்து 45 லிட்டர் நன்னீர் எடுத்துவிட்டால், எஞ்சிய 55 லிட்டரில் உப்பு முழுவதும் நிற்கிறது. அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் 27 ÷ 0.55, அதாவது 49 வளிமண்டலம். அந்த இறுதிக் கட்டத்திலும் நீர் போதிய விரைவில் வெளிவர வேண்டும் என்பதால், இத்தகைய நிலையங்களின் எக்கிகள் பொதுவாக 55 முதல் 70 வளிமண்டல அழுத்தத்தில் இயங்குகின்றன. ஆற்றலையும் இதே எண்ணிலிருந்து காணலாம்: 27 வளிமண்டலம் என்பது 27.4 லட்சம் பாஸ்கல். அதை ஒரு கன மீட்டரால் பெருக்கினால் 27.4 லட்சம் ஜூல், அதாவது 0.76 யூனிட் மின்சாரம். எவ்வளவு திறமையான சவ்வைச் செய்தாலும் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரை இதற்குக் குறைந்த ஆற்றலில் எடுக்க முடியாது. நடைமுறையில் இதைப் போல நான்கைந்து மடங்கு செலவாகிறது.